ஸ்பூன் ஏரி அரக்கனின் மறுபாதி

எங்கள் மூலையில் ஒரே ஒரு விதிதான் உண்டு. படத்தின் மறுபாதியை யாரும் வீட்டில் பார்க்கக் கூடாது.

மூலை என்று நான் சொல்வது பெரிய ஏரி ஒன்றின் கரையிலிருக்கும் ஈரி நகரின் மேற்குப் பக்கத்தில், முன்பு செருப்புக் கடையாக இருந்த கட்டிடத்தில் இயங்கும் டயாலிசிஸ் நிலையத்தின் ஜன்னலோரப் பகுதியை. அங்கே நான்கு சாய்வு நாற்காலிகள். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் மூன்றில் நாங்கள் இருப்போம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நார்ப், சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கும் லவேர்ன், மூடப்பட்டுவிட்ட உள்ளூர் நாளிதழில் நகர்மன்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த நான். நான்கு மணி நேரம் எங்கள் ரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வரும். அதுவரை ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஏதாவது பார்க்கலாம்.

நார்ப் பார்ப்பதெல்லாம் பழைய கறுப்பு வெள்ளை அரக்கன் படங்கள். இரண்டு வாரத்தில், யாரோ ஒருவருடைய மாமனார் கொடுத்த பணத்தில், அந்த மாமனாரையே ஊர்க் காவல் அதிகாரி ஷெரிஃபாக நடிக்க வைத்து எடுத்த படங்கள். உரிமை கொண்டாட ஆளில்லாமல் போனதால் இணையத்தில் அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. எவரெவரோ பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு காசு கிடையாது.

“காசு குடுத்துப் பாக்கற அரக்கன் பயமுறுத்துவான். ஓசி அரக்கன் நம்ம பக்கத்துல வந்து உக்காந்துக்குவான்” என்பார் நார்ப்.

முதலில் தன் கைப்பேசியில் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிற சிரிப்பில் நாற்காலி குலுங்கி, இயந்திரம் அலறி, செவிலி டெனீஷா ஓடி வருவாள். ஒருநாள் அவளே அலுத்துப்போய், சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த பெரிய தொலைக்காட்சியோடு அவருடைய கைப்பேசியை இணைத்துவிட்டாள். “எல்லாரும் சேந்தே சிரிச்சுத் தொலைங்க” என்றாள்.

விதி பிறகு வந்தது. ஒரு படத்தின் நடுவில் நார்ப்புக்கு ரத்த அழுத்தம் சரிந்து, முகம் சாம்பல் நிறமாகி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். திரையில் ஒரு ராட்சத நத்தை பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. லவேர்ன் எழுந்து நிறுத்த முடியாததால் கத்தி நிறுத்த வைத்தாள். “அந்தாளு வந்து பாக்கட்டும்.” அடுத்த வாரம் நார்ப் திரும்பி வந்தார். நத்தை அதே இடத்தில் காத்திருந்தது. அன்றிலிருந்து படத்தைப் பாதியில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. முன்பாதி ஒருநாள், பின்பாதி அடுத்த முறை. முன்கூட்டி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வழக்கம், பந்தயம். அரக்கன் எதனால் செய்யப்பட்டவன் என்று ஆளுக்கு ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். தோற்றவர் இரண்டு உறிஞ்சுகுழல்களைக் கொம்புபோலச் செருகிய தலைப்பட்டையை அன்று கிளம்பும்வரை அணிய வேண்டும். நாங்கள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு என்பதால் உறிஞ்சுகுழல்களுக்கு அங்கே வேறு பெரிய வேலை இல்லை.

நான்காவது நாற்காலியில் இருந்தவருக்கு நவம்பரில் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. ஜனவரியில் அந்த இடத்துக்குக் கெல்ஸி வந்தாள். இருபத்தாறு வயது. மளிகைக் கடை ஒன்றின் அடுமனையில் பிறந்தநாள் கேக்குகளுக்கு அலங்காரம் செய்பவள். தலைக்கு மேல் இழுத்துவிட்ட முக்காட்டுச் சட்டை, காதில் காதொலிப்பான், முகம் சுவர்ப்பக்கம். நெஞ்சில் குழாய் பொருத்தியிருந்த இடத்தை டெனீஷா திறக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

“வணக்கம் பாப்பா, நான் நார்ப்.”

“ம்.”

“ராட்சத எறும்பு பிடிக்குமா?”

“பிடிக்காது.”

லவேர்ன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு நார்ப்பின் பக்கம் திரும்பினாள். “சும்மா விடுய்யா அவள. நீ மொத வாரம் அழுதது எங்களுக்கு ஞாபகம் இருக்கு.”

“கண்ணுல தூசி.”

“ஒரு வாரம் முழுக்கவா?”

கெல்ஸி வருவதும் வராததுமாக இருந்தாள். வராமல் போனதற்கு அடுத்த தடவை கால் வீங்கி, படியேறிய ஆள்போல மூச்சிரைக்க வருவாள். அங்கே மறைப்பு என்பது வெறும் திரைச்சீலைதான். அதனால் ஒரு வியாழக்கிழமை, நிலையத்தின் சமூகப் பணியாளர் அவளிடம் பேசியது எங்கள் மூவருக்கும் கேட்டது. கெல்ஸியின் சித்தி சிறுநீரகம் கொடுக்க முன்வந்திருக்கிறாள். மார்ச்சில் பிட்ஸ்பர்க் மருத்துவமனையில் இருவருக்கும் பரிசோதனை. ஆனால் சிகிச்சைக்கு ஒழுங்காக வராதவர்களை அங்கே எடுக்க மாட்டார்கள். இன்னும் ஒருமுறை தவறினால் பரிசோதனை தள்ளிப்போகும். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. அதற்குள் சித்தியின் மனமோ உடம்போ மாறலாம்.

“புரியுது” என்றாள் கெல்ஸி. “ஆனா இங்க வந்து உக்காந்தா நான் நோயாளி ஆயிடறேன். வீட்ல இருந்தா இல்ல. அவ்ளோதான்.”

பணியாளர் எதையோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். திரைச்சீலை திறந்தது. எங்கள் மூவருக்கும் திடீரென்று தொலைக்காட்சிமேல் மிகுந்த அக்கறை வந்துவிட்டது.

அன்றைக்கு நார்ப் தேர்ந்தெடுத்திருந்த படம் ‘ஸ்பூன் ஏரி அரக்கன்’. ஏரியின் ஆழம் அளக்க முடியாதது என்று ஆரம்பத்திலேயே ஒரு கனத்த குரல் அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த எவருக்கும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. விலங்கியல் ஆய்வாளராக வந்த பெண், ஈரமே ஆகாத வெள்ளை அங்கியோடு கரையில் நின்று, “இயற்கையை நாம் சீண்டிவிட்டோம்” என்றாள். அரக்கனின் முதுகு மட்டும் நீரிலிருந்து எழுந்தது. கொப்புளம் கொப்புளமாக, பளபளப்பாக.

“பந்தயம்” என்றார் நார்ப். “நான் சொல்றேன், டிராக்டர் டயர்.”

“குப்பைப் பை. உள்ள செய்தித்தாள் திணிச்சிருக்கான்” என்றாள் லவேர்ன். “உங்க பேப்பர் கடைசில அதுக்காவது உதவிச்சே, பத்திரிகைக்காரரே.”

நான் முட்டை அட்டைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றேன்.

“குளியலறைப் பாய்.”

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கெல்ஸி ஒரு காதிலிருந்து காதொலிப்பானை எடுத்திருந்தாள். முகம் எங்கள் பக்கம் இருந்தது.

“வழுக்காம இருக்கத் தொட்டில போடுவாங்கல்ல, ரப்பர் பாய். தலகீழாப் போட்டுத் தச்சிருக்காங்க. அது கொப்புளம் இல்ல, தரையைக் கவ்விப் பிடிக்கற குமிழ். பாருங்க, இடது தோள்ல மூணு குமிழ் பிஞ்சு போயிருக்கு.”

நார்ப் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். மூன்று குமிழ்கள் இல்லை. அந்த இடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள்.

“அடிப்பாவி” என்றாள் லவேர்ன், மிகுந்த மரியாதையோடு.

“வாயிலேந்து வழியறது கேக் மேல பூசற ஜெல்” என்றாள் கெல்ஸி. “அது ரெண்டு நாளானாலும் காயாது. உள்ள இருந்த ஆளு பாவம்.”

நார்ப் சிரித்தார். நாற்காலி குலுங்கியது. இயந்திரம் அலறியது. டெனீஷா வந்து அதை அடக்கிவிட்டு, திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “அது எங்க அம்மா வீட்டுப் பாயேதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கெல்ஸியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். முக்காடு மறைத்தது.

படம் ஓடியது. ஷெரிஃப் ஏரியில் வெடிவைக்கக் கிளம்பினார். அதைத் தடுக்க ஆய்வாளர் தனியாகத் தண்ணீரில் இறங்கினாள். அரக்கன் முழு உருவத்தோடு முதல்முறையாக அவள் முன் எழுந்தான். அவள் ஓடவில்லை. கையை நீட்டினாள்.

நார்ப் நிறுத்தினார்.

“என்னது? ஏன்?” என்றாள் கெல்ஸி.

“மீதி சனிக்கிழம.”

“என்ன பைத்தியக்காரத்தனம்! இது சும்மா கெடைக்கற படம். வீட்டுக்குப் போயி நானே பாத்துக்குவேன்.”

“பாக்கலாம்” என்றாள் லவேர்ன். “ஆனா பாத்துட்டு வந்தா மூஞ்சிலயே தெரியும். முப்பத்தாறு வருஷமா கண்ணாடில ஜனங்க மூஞ்சியப் பாக்கறேன். யாரு தானே முடி வெட்டிட்டு வந்து எங்கிட்ட பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்.”

கெல்ஸி முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். கிளம்பும்போது அவள் வாசலில் நின்று யாருடனோ தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசியதை நான் பார்த்தேன். என்ன பேசினாள் என்பது காதில் விழவில்லை. பழைய தொழில் புத்தி, உதட்டைப் படிக்க முயன்றேன். முடியவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே ஏரிப் பனி ஆரம்பித்திருந்தது. ஈரியில் பனி மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். நோயாளிகளை ஏற்றிவரும் வேன் என்னையும் நார்ப்பையும் வழக்கத்தைவிடத் தாமதமாக இறக்கிவிட்டது. லவேர்னை அவள் மகன் கொண்டுவந்து விட்டான். ஊசிகள் ஏறின. இயந்திரங்கள் ஓடின. நான்காவது நாற்காலி காலியாகவே இருந்தது.

“அவ வீடு நம்ம வழிதானே, ஏன் வேன் அங்க நிக்கல?” என்று நார்ப்பிடம் கேட்டேன்.

“ஓட்டுநரக் கேட்டேன். வேணாம்னு வியாழக்கிழமையே சொல்லிட்டாளாம்.”

வாசலில் நின்று அவள் யாரிடம் பேசினாள் என்பது அப்போது புரிந்தது.

டெனீஷா இரண்டுமுறை கெல்ஸியை அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. “பத்தரை வரைக்கும் நாற்காலிய வச்சிருப்பேன். அதுக்கு மேல ஆரம்பிச்சா முழு நேரம் குடுக்க முடியாது. வரலன்னுதான் எழுதணும்” என்றாள். சொல்லும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

திரையில் ஆய்வாளர் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

“போட்டுடலாமா?” என்றார் நார்ப் சற்றுக் கழித்து.

“யோவ்!”

“அதில்ல லவேர்ன். அவ வரமாட்டான்னு முடிவு பண்ணிட்டா—”

“நீ ஆம்புலன்ஸ்ல போனப்ப நாங்க அப்படித்தான் முடிவு பண்ணோமா? டாக்டரே தலைய ஆட்டிட்டுப் போனாரு. நத்தை ஒரு வாரம் அந்தப் பாலத்துல தொங்கிட்டிருந்துச்சு.”

நார்ப் கைப்பேசியைப் போர்வைமேல் வைத்தார். “அதுவும் சரிதான்” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “எம் பேருந்துல ஒரு பொண்ணு ஏறும். தினம் லேட்டு. அவங்கம்மா சமையலறை விளக்கப் போட்டு அணைச்சுக் காட்டினா, வர்றான்னு அர்த்தம். விளக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஏறற வரைக்கும் நான் கௌம்ப மாட்டேன். அதுக்காகத் திட்டு வாங்காத நாளில்ல” என்றார்.

“விளக்கே போடலன்னா?” என்றாள் லவேர்ன்.

“போடாத நாளும் கொஞ்சம் நிப்பேன்.”

நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம். அதில் பார்க்க எதுவும் இல்லை, வெள்ளையைத் தவிர. பத்து மணி தாண்டியது. டெனீஷா நான்காவது இயந்திரத்தின் அருகே போய், ஏற்கெனவே சரியாக இருந்த குழாய்களை மறுபடி சரிபார்த்தாள்.

அப்போதுதான் வாகன நிறுத்தத்தில் மஞ்சள் விளக்கு சுழல, முன்னால் இரும்புப் பலகை பொருத்திய ஒரு லாரி, வழியிலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டே வாசல்வரை வந்தது. அதிலிருந்து கெல்ஸி குதித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவளின் முக்காடு பின்னால் சரிந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. நேராக நார்ப்பிடம் வந்தாள்.

“அந்தப் படத்துக்கு முடிவே இல்ல!”

“என்னது?”

“முடிவே இல்ல! அவ கைய நீட்டறாளா, கொஞ்சம் கிட்டப் போறாளா, அப்பறம் திரை வெள்ளையாயிடுது. அவ்ளோதான். கடைசிச் சுருள் தொலஞ்சு போச்சாம். கீழ ஜனங்க வருஷக்கணக்கா எழுதி வச்சிருக்காங்க, ‘மீதி எங்க, மீதி எங்க’ன்னு. நீங்க ஒருத்தர்கூடவா பாக்கல?”

நார்ப்பின் வாய் திறந்தபடி நின்றது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எங்கள் விதி. அதை அவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்ததில், எட்டிப் பார்க்க எதுவுமே இல்லாத ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் காத்திருந்திருக்கிறோம்.

“நீ விதிய மீறிட்ட” என்றாள் லவேர்ன்.

“ஆமா, மீறிட்டேன். உங்க விதியே சரியில்ல.”

“உக்காரு முதல்ல” என்று டெனீஷா அவள் கோட்டைக் கழற்றினாள். “உக்காந்துட்டுத் திட்டு. இப்பவே ஆரம்பிச்சா முழு நேரமும் குடுத்துடலாம். ஆனா மத்தியானம் தாண்டிடும். இருப்பியா?”

கெல்ஸி நாற்காலியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

டெனீஷா குழாயைத் திறந்தபோது அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் பேச முடியாது என்பதுபோலப் பேசிக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை வீட்டுக்குப் போனதும் படத்தைப் போட்டிருக்கிறாள். முடிவில்லை என்று தெரிந்ததும் எரிச்சலில் மூடிவிட்டாள். வெள்ளிக்கிழமை வேலைக்கு நடுவே மறுபடி திறந்து, கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்திருக்கிறாள். அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படங்களை வாங்கியவர்கள் இஷ்டத்துக்குப் பெயரை மாற்றி விற்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். என்ன பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை.

“அதனால பேர விட்டுட்டேன். பாயத் தேடினேன்” என்றாள். “ஏரி, குளம், கடல் எல்லாத்துலேந்தும் எழுந்து வர்ற அரக்கன் படமாப் போட்டு முதுக மட்டும் பாத்தேன். எத்தன இருக்கு தெரியுமா? காலைல ஒண்ணு கெடச்சுது. ஸ்பானிஷ்ல பேசறாங்க. பேர மொழிபெயர்த்துப் பாத்தேன், ‘சதுப்பு நிலத்தின் மணமகன்’. ஆனா இடது தோள்ல மூணு குமிழ் இல்ல.”

“முடிவு இருக்கா அதுல?” நார்ப்பின் குரல் தேவாலயத்தில் பேசுவதுபோல இருந்தது.

“நீளம் பதிமூணு நிமிஷம் அதிகம். இருக்கணும்.”

“பாக்கலயா நீ?”

“அவ கைய நீட்டற எடத்துல நிறுத்திட்டேன்.”

லவேர்ன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். கண்ணாடியில் வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை. “பாக்கல” என்று எங்களுக்கு அறிவித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேன வேணாம்னு சொன்னியாமே?” என்றாள்.

“சொன்னேன்.”

“அப்பறம் என்ன?”

கெல்ஸி போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். “கண்டுபிடிச்சதும் யாருக்காவது சொல்லணும்னு இருந்துச்சு. வேலை எடத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன், ‘குளியலறைப் பாயா?’ன்னு கேட்டுட்டு வச்சிட்டாங்க. உங்க நம்பர் யாருதும் எங்கிட்ட இல்ல. வேன் வரல. மாடி வீட்டுக்காரரு பனி தள்ளற வேலை பாக்கறாரு. கெஞ்சினேன். வழில நாலு வீட்டு வாசலத் தள்ளிட்டுத்தான் வந்தாரு. போன் எடுக்க முடியல, கைல அவரோட காபி.”

“நல்ல மனுஷன்” என்றார் நார்ப்.

“மெதுவான மனுஷன்” என்றாள் கெல்ஸி.

அவளுடைய கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு டெனீஷா இணைத்தாள். பிரதி சற்று மங்கல். ஸ்பானிஷ் எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் லவேர்ன் ஆய்வாளருக்குக் குரல் கொடுத்தாள். நார்ப் அரக்கனுக்கு. ஷெரிஃப் என் பங்கு.

“யாருடா உனக்கு இந்தத் துணியத் தச்சது?” என்று ஆய்வாளர் கேட்டாள்.

“எங்க மாமியா” என்று அரக்கன் உறுமினான். “தலைய மாட்டினேன், ஜிப்பு சிக்கிடுச்சு. பதினஞ்சு வருஷமா உள்ளயே இருக்கேன்.”

“ஏரிய விட்டு வெளிய வா! உன்மேல நகர்மன்றத்துல தீர்மானம் போட்டாச்சு!” என்றேன் நான். எனக்கு வேறு வசனம் தெரியாது.

ஆய்வாளரின் கை அரக்கனின் கையைத் தொட்டது. அவள் திரும்பிக் கரையிலிருந்த எல்லாரையும் பார்த்தாள். பிறகு இருவரும் கைகோத்து ஆழத்தை நோக்கி நடந்தார்கள். நடக்க நடக்கத் தண்ணீர் இடுப்பளவிலேயே இருந்தது. இயக்குநருக்கு வேறு வழி தெரியவில்லை போலும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெல்லக் குந்தினார்கள். முதலில் தோள்கள், பிறகு தலைகள். குமிழிகள் வந்தன. ஏரி அமைதியாயிற்று. எழுத்துகள் ஏறின.

“மூச்சப் பிடிச்சிட்டிருக்காங்க பாவம்” என்றார் நார்ப். “சீக்கிரம் ‘முற்றும்’னு போடுங்கடா.”

அதற்குள், எழுத்துகளுக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து ஆய்வாளரின் தலை படாரென்று வெளியே வந்தது. அவளால் அதற்குமேல் முடியவில்லை. வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். பக்கத்தில் அரக்கனின் தலையும் எழுந்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டி எறிய வேண்டிய அந்தச் சில நொடிகளை யாரும் வெட்டவில்லை.

கெல்ஸி சிரித்தாள். இந்தமுறை முக்காடு இல்லை. இயந்திரம் அலறும் அளவுக்குச் சிரித்தாள். டெனீஷா வந்து, “இப்ப நாலும் சேந்தாச்சா” என்று அதை அடக்கினாள்.

பந்தயத்தில் தோற்றவர்கள் மூவர், தலைப்பட்டை ஒன்று. வயதில் மூத்தவர் என்ற முறையில் அது நார்ப்புக்குப் போனது. எங்கள் நேரம் முடிந்து ஊசிகளை எடுத்தபோது கெல்ஸிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. லவேர்ன் தன் போர்வையை மடித்து அவள் கால்மேல் போட்டாள். “செவ்வாக்கெழம துவைச்சுக் கொண்டா.”

“அடுத்த படம் நான்தான் எடுப்பேன்” என்றாள் கெல்ஸி. “முடிவு இருக்கான்னு பாத்துட்டு.”

“பாக்கக் கூடாது!” என்றார் கொம்பு வைத்த நார்ப்.

“நீளத்த மட்டும் பாப்பேன்.”

நார்ப் யோசித்தார். “நீளம் பாக்கலாம்” என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். எங்கள் விதியில் நாங்கள் செய்த முதல் திருத்தம் அது.

வேன் வந்துவிட்டதாக வாசலிலிருந்து குரல் வந்தது. நான் கையுறையைத் தேடிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினேன். கெல்ஸி கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இல்ல, வேன் ஒரு நாளைக்கு மட்டும் இல்ல. செவ்வா, வியாழன், சனி. ஆமா, போறதுக்கும் வர்றதுக்கும்.” கொஞ்சம் கேட்டாள். “இன்னிக்கும்தான், திரும்பிப் போக. மத்தியானத்துக்கு மேல ஆவும். நான் வாசல்ல நிப்பேன், நீங்க கௌம்பிடாதீங்க.”